பதிவேட்டில் இரண்டு லூயி

1

என் மகள் கிளாராவின் பிரெஞ்சு ஆசிரியை போன மே மாதம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு பிரெஞ்சுப் பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரோடு சரித்திரத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றப் பிள்ளைகள் ழான், மரி, பிரான்சுவா என்று எடுத்துக்கொண்டார்களாம். கிளாரா லூயியை எடுத்தாள்.

லூயி என் பெயர்.

கிளாராவுக்குப் பதினான்கு வயது. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்தபோது இரண்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் பாதி மூடிய அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து. அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் தானாகவே சமையலறைக்கு வந்து, லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு, “அப்பா, உங்களுக்கு ஏன் பிரெஞ்ச் பேரு?” என்று தமிழிலேயே கேட்டாள். நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

காரைக்காலைப் பற்றிச் சொன்னேன். என் அம்மாவும் அப்பாவும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. கொடி இறங்கிய பிறகும் பெயர்கள் இறங்கவில்லை. தாத்தா பெயர் ழான். பெரியப்பா பிரான்சுவா. அப்பா சார்ல். எங்கள் தெருவில் மட்டும் நான்கு லூயிகள். கடிதம் மாறிப் போகக்கூடாது என்று தெருக்காரர்களே ஆளுக்கொரு அடைமொழி வைத்திருந்தார்கள். கடிகாரக்கடை லூயி, நெட்டை லூயி, மிலிட்டரி லூயி. நான் சார்ல் வீட்டு லூயி.

கிளாரா சிரித்தாள். ராஜாக்களுக்கும் அப்படித்தானாம். திக்குவாய் லூயி, குண்டு லூயி, சண்டைக்கார லூயி, புனித லூயி. பிரான்சின் ராஜாக்களில் மொத்தம் பதினெட்டு லூயி. ராஜா இல்லாதவர்களும் அவள் பட்டியலில் இருந்தார்கள்: பார்வையில்லாதவர்கள் விரலால் வாசிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெய்ல், வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து கண்ட லூயி பாஸ்டர், ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த லூயி பிளெரியோ.

பென்ரோஸில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் என்னை ‘லூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஊர்ப் பேச்சில் அது கழிப்பறை என்று தெரியவே எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதைக் கிளாராவிடம் சொன்னபோது மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் அறைக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆனது.

போகும்போது கேட்டாள்: “ராஜாவுக்கெல்லாம் நம்பர் இருக்கு. நீங்க எத்தனாவது லூயி?”

“நம்ம குடும்பத்துல எனக்கு முன்னாடி லூயி யாரும் கிடையாது. அதனால முதலாம் லூயி” என்றேன்.

அது பொய் என்று மூன்று வாரத்தில் தெரிந்தது.

2

பள்ளியிலிருந்து பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளை செப்டம்பர் விடுமுறையில் நூமேயாவுக்கு அழைத்துப்போவதாக இருந்தார்கள். இங்கிருந்து மூன்று மணி நேர விமானப் பயணம். பிரெஞ்சு பேசும் ஊர். மற்றப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் கிளாராவுக்கு விசா வேண்டும். “பன்னெண்டு வருஷமாச்சு. இனியும் எதுக்குத் தள்ளிப்போடணும்?” என்று கேட்டு, என் மனைவி செலின் மூன்று பேருக்கும் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். செலின் நாகப்பட்டினத்துக்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். காகிதங்களில் கெட்டிக்காரி.

என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது.

நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது அப்பா பள்ளிக்கூடத்தில் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எல்லாமே பள்ளிச் சான்றிதழை வைத்து நடந்தது. பாஸ்போர்ட், டிகிரி, கல்யாணப் பதிவு, இந்த ஊர் விசா எல்லாம். எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமும் இல்லை. ஆகஸ்டில் வரும் புனித லூயி திருநாள்தான் எனக்குப் பண்டிகை. அன்றைக்குத்தான் புதுச்சட்டையும் பாயசமும். ஜூலையில் இருக்கும் பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத் தேதி என்றே சொல்வோம். அந்த நாளில் எத்தனையோ பேருக்கு அப்படி இரண்டு தேதி உண்டு என்பதால் நான் ஒன்றும் யோசித்ததில்லை.

சித்தப்பா மகன் பீட்டர் காரைக்காலில் இருக்கிறான். நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் தேடச் சொன்னேன். வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, அவொண்டேல் தாண்டியதும் கூப்பிட்டான்.

“அண்ணே, சர்ட்டிபிகேட் கிடைச்சிருச்சு. பேரு, தேதி, பெரியப்பா பேரு, பெரியம்மா பேரு எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். பெரியம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“என்னடா கேள்வி இது? நான் ஒருத்தன்தானே.”

“இல்லண்ணே. ரெண்டு பதிவு இருக்கு.”

முதல் பதிவில் லூயி என்ற பெயர். தந்தை சார்ல், தாய் மார்த்தம்மாள். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே தேதி. அதற்கு இரண்டு வருஷமும் ஒரு மாதமும் கழித்து இன்னொரு பதிவு. அதே தந்தை, அதே தாய், அதே தெரு. ஆண் குழந்தை. பெயருக்கான இடம் காலி.

“கிளார்க்கு நல்ல மனுஷன். சந்தேகப்பட்டு இறப்புப் பதிவேட்டையும் எடுத்துப் பாத்தாரு” என்றான் பீட்டர். பிறகு அவன் குரல் தணிந்தது. “அதுல லூயின்னு ஒரு பேர் இருக்குண்ணே. தகப்பனார் சார்ல். வயசு ஒரு வருஷம் எட்டு மாசம்.”

ரயில் நியூ லின்னில் நின்றது, கிளம்பியது. கிளென் ஈடனில் நான் இறங்க வேண்டும். கதவு திறந்ததையும் மூடியதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நிறுத்தமான சன்னிவேலில் இறங்கி, வைக்குமெட்டே கல்லறைத் தோட்டத்தின் ஓரமாகத் திரும்பி நடந்தேன். ஜூன் மாதம், ஐந்தரைக்கே இருட்டிவிட்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடம் அது. அன்றைக்கு ஒவ்வொரு கல்லிலும் பெயரை வாசிக்காமல் என்னால் நடக்க முடியவில்லை.

பெயருள்ள பிள்ளை இறந்துவிட்டது. பெயரில்லாத பிள்ளை நான்.

3

செலின் முழுக் கதையையும் கேட்டாள். நான் முடித்ததும் அடுப்பை அணைத்தாள்.

“ஏங்க, பீட்டர்கிட்ட இருக்குற சர்ட்டிபிகேட்ல பேரு சரியா இருக்கு. தேதி பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகுது. அவங்க கேட்டது அதைத்தான். அதை அனுப்பிட்டா முடிஞ்சுது.”

“அது என்னோடது இல்லையே.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“நீங்க வேணும்னேவா பண்ணீங்க? மாமா பண்ணுனது. அவர் போயே ஒம்பது வருஷமாச்சு.” அவள் என் பக்கம் திரும்பினாள். “தப்பான பேர்ல, தப்பான தேதியில வந்தவங்கன்னு சொல்லிட்டாங்கன்னா? என் வேலை, இந்த வீடு, கிளாரா படிப்பு. எல்லாத்தையும் ஒரு கடுதாசியில எடுத்துடுவாங்க. நமக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நடந்திருக்கு?”

அவள் சொன்னதில் தவறு இல்லை. ஒரு காகிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். இறப்புப் பதிவேட்டை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் விண்ணப்பத்தின் கடைசியில், மேலே உள்ள விவரங்கள் எல்லாம் என்னைப் பற்றியவை, உண்மையானவை என்று கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை எத்தனையோ இடத்தில் அப்படிப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் தெரியாமல் போட்டேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு புகைப்படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. ஒன்று கிளாரா ஒன்றரை வயதில். இன்னொன்று நான் ஒன்றரை வயதில், காரைக்கால் ஸ்டூடியோவில், மர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. வருகிறவர்கள் எல்லோரும் அப்படியே அப்பா முகம் என்பார்கள். அந்தப் படத்தில் குழந்தையின் இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கும். எனக்கு அங்கே மச்சம் இல்லை. சின்ன வயதில் கேட்டபோது, வளர வளர மறைந்துவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். பிறகு அதற்கு முதுகு காட்டி உட்கார முடியாமல் என் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

4

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஞாயிறுதோறும் அவள் கோயிலிலிருந்து வந்ததும் வீடியோவில் பேசுவோம். பாதி நேரம் அவளுடைய நெற்றி மட்டும் தெரியும். அந்த ஞாயிறு, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

“அம்மா, எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா?”

போன் கீழே சாய்ந்தது. சுற்றும் மின்விசிறி மட்டும் தெரிந்தது. அங்கிருந்தே அவள் குரல் வந்தது.

“யாரு சொன்னா?”

“பதிவேட்டுல இருக்கு.”

“அதுல இருக்கும்” என்றாள். “உங்கப்பாதான் போய் எழுதிட்டு வந்தாரு. ரெண்டையும்.”

பிறகு சொன்னாள்.

“பங்குனி வெயில். முதல் நாள் சாயங்காலம் வாந்தி ஆரம்பிச்சுது. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நீ அப்ப வயித்துல நாலு மாசம். அழக்கூடாது, வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு எல்லாரும் என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. உங்கப்பா அழவே இல்ல. ஒத்தையா தூக்கிட்டுப் போனாரு. கல்லறையில கல்லு வைக்கலாம்னு உங்க தாத்தா சொன்னாரு. அதுல பேர் எழுதணுமே, வேண்டாம்னுட்டாரு.

“நீ பொறந்த. ஞானஸ்நானத்துக்குச் சாமியார் பேர் கேட்டாரு. உங்கப்பா லூயின்னாரு. சாமியாருக்கு எல்லாம் தெரியும். அதே பேரான்னாரு. ஆமான்னுட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கும் வேற பேரு வாய்ல வரல தம்பி. ஆபீஸ்ல போய் உன் பேரை எழுதணும்னு நான் எத்தனையோ தடவை சொன்னேன். நாளைக்கு, நாளைக்குன்னாரு. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப பொட்டியிலேர்ந்து அவன் காயிதத்தை எடுத்துட்டுப் போயிட்டாரு. ஏங்க இப்படின்னேன். ‘அது சும்மாதானே கெடக்கு’ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா அவன் செத்துட்டான்னு ஆயிடுமே” என்றாள்.

அப்பாவின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போது அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நான் போனில் கூப்பிடும்போதெல்லாம், “ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்பார். என்னையும் செலினையும் கேட்கிறார் என்று நினைத்து, சாப்பிட்டோம் அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றாம் வகுப்பில் நான்தான் எல்லோரிலும் குள்ளம். மைதானத்தில் ஓடும்போது எப்போதும் கடைசி. என்னைவிட இரண்டு வயது பெரியவனின் இடத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

5

கிளாராவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஏதோ சரியில்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் பேச்சைப் பழகிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்காரவைத்தாள். வகுப்பில் பிரெஞ்சில் பேசுவாள், எங்களுக்காக ஆங்கிலத்தில். ராஜாக்களில் ஆரம்பித்தாள். பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய கதையை எல்லோரும் சொல்வார்கள், நான் அவர் மகனைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றாள்.

அந்தப் பிள்ளை பெயரும் லூயி. மூத்தவன் ஒருவன் இறந்துபோனதால் பட்டம் இவனுக்கு வந்தது. அப்பாவைக் கொன்ற பிறகும் இவனைப் பாரிஸில் ஒரு கோபுரத்திலேயே அடைத்துவைத்தார்கள். பத்து வயதில் அங்கேயே இறந்துபோனான். ஒரு நாள்கூட ஆளவில்லை. ஆனாலும் பதினேழு என்ற எண்ணை அவனுக்கே விட்டுவிட்டு, அடுத்து வந்த ராஜா தன்னைப் பதினெட்டாம் லூயி என்று சொல்லிக்கொண்டார்.

“ஆனால் அவன் இறந்ததைப் பல பேர் நம்பவில்லை” என்று கிளாரா தொடர்ந்தாள். “பிறகு ஒவ்வொருவராக வந்து, நான்தான் அந்தப் பிள்ளை, தப்பித்து வளர்ந்துவிட்டேன் என்றார்கள். சிலர் பொய் சொன்னார்கள். சிலர் தாங்கள்தான் அவன் என்று உண்மையாகவே நம்பியிருக்கலாம்.”

செலின் என்னைப் பார்த்தாள். கிளாரா பேச்சை நிறுத்திவிட்டு, “வாட்?” என்று கேட்டாள். “அவ்வளவு மோசமா?”

“நல்லா இருக்கு” என்றேன். “உட்காரு. நான் உனக்கு ஒண்ணு சொல்லணும்.”

செலின் என் முழங்கையை அழுத்தினாள். நான் நிறுத்தவில்லை. பதிவேட்டில் இருப்பதை, பாட்டி சொன்னதை, கூடத்துப் படத்தில் இருப்பது யார் என்பதை எல்லாம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவள் ஒரு இடத்தில்கூடப் புரியவில்லை என்று சொல்லவில்லை.

முடித்ததும் லேப்டாப்பில் எதையோ தேடி என் பக்கம் திருப்பினாள். பதினைந்தாம் லூயியின் பக்கம். அவர்கள் மூன்று சகோதரர்கள். முதல் பிள்ளைக்கு லூயி என்று பெயர் வைத்தார்கள், ஒரு வயது ஆகும் முன்பே இறந்தது. அடுத்ததற்கும் லூயி; அதுவும் ஐந்து வயதில் அம்மை கண்டு இறந்தது. மூன்றாவதற்கும் லூயி. அவன் பிழைத்துக்கொண்டான். ஐந்து வயதில் ராஜாவானான்.

“இதைப் பேச்சுல சேக்கலாம்னு நெனச்சேன். டூ க்ரீப்பின்னு எடுத்துட்டேன்” என்றாள். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்: “அப்பா, அப்போ இவர் எனக்குப் பெரியப்பாவா?”

ஒரு வருஷம் எட்டு மாதக் குழந்தை. அவனுக்கு ஒரு உறவுமுறை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“ஆமாம்மா. பெரியப்பாதான்” என்றேன்.

செலின் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். “வக்கீலைப் பாப்போம்” என்றாள்.

6

எல்லர்ஸ்லியில் அலுவலகம் வைத்திருக்கும் மதுரா யாழ்ப்பாணத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவளாக இருக்கலாம். நான் சொல்லச் சொல்ல ஒரு மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டே இருந்தாள். செலின், தான் கேட்க நினைத்ததை அவளிடம் நேராகவே கேட்டாள்: எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

“அக்கா, நான் உறுதி தரமாட்டன். அது நான் முடிவெடுக்கிற விசயம் இல்லை” என்றாள் மதுரா. “ஆனால் அண்ணாவுக்கு இது தெரியாமல் நடந்தது. தெரிஞ்ச உடன வந்து கதைக்கிறார். அதுதான் இதில பெரிய விசயம். இனி மறைச்சால் அது அவற்ற பிழை ஆகிடும். இவ்வளவு நாளும் அது அவற்ற அப்பாவின்ர கதை.”

“நாங்க சொன்னா எவ்வளவு நாள் ஆகும்?”

“மாதக்கணக்கில இழுக்கும். நகராட்சியில ரெண்டாவது பதிவில பேர் சேர்க்கவேணும். ஞானஸ்நானப் பதிவு எடுக்கவேணும். அம்மாவின்ர சத்தியக்கடதாசி. பிறகு இந்திய பாஸ்போட்டில தேதி மாத்தவேணும். அதுக்குப் பிறகுதான் இங்க நகரும். மூண்டு பேரின்ர விண்ணப்பமும் ஒண்டாப் போனதால எல்லாம் சேர்ந்துதான் நிக்கும்.”

“செப்டம்பருக்குள்ள?”

மதுரா பேனாவை மூடினாள். “இல்லை அக்கா.”

இந்திய பாஸ்போர்ட்டிலேயே விசா எடுத்துக் கிளாராவை நூமேயாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டோம். தகப்பன் விவரங்கள் திருத்தத்தில் இருக்கும்போது அதே விவரங்களை எழுதி இன்னொரு நாட்டில் விசா கேட்க வேண்டாம் என்று மதுரா சொல்லிவிட்டாள். பயணம் இல்லை என்று கிளாராவிடம் நான்தான் சொன்னேன். “ஓகே” என்றாள். ஒரு வாரம் என்னோடு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. செப்டம்பரில் மற்றப் பிள்ளைகள் கடற்கரையிலிருந்து படம் அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில் அவள் போனை எங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டே இருந்தாள். என்னால் அவளுக்கு வந்த இழப்பு அது. அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

மதுரா எழுதித்தந்த உறுதிமொழியில் சாட்சிக் கையெழுத்து வாங்க, சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு மூலையில் ஜேபி என்ற கௌரவ நீதிபதி ஒருவர் உட்கார்ந்து இலவசமாகக் கையெழுத்துப் போட்டுத்தருவார். அன்றைக்கு இருந்தவர் வெள்ளைக்கார மூதாட்டி. கம்பளிப் பின்னல் சட்டை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிக் கயிறு. பொதுவாக அவர்கள் உள்ளே இருப்பதை வாசிப்பதில்லை. இவர் வாசித்தார். இரண்டு பக்கத்தையும் மெதுவாக.

“இது உங்கள் பெயர்தானே?” என்று கேட்டார்.

“ஆம்.”

“உங்கள் அண்ணன் பெயரும் இதுதான்.”

“ஆம்.”

கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை என்னிடம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் விடவில்லை. “உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்” என்றார்.

இங்கே தினமும் நூறு பேர் சொல்லும் வாசகம் அது. ஆனால் என் அண்ணனுக்காக என்னிடம் யாரும் துக்கம் விசாரித்தது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லிவிட்டு, குழந்தைகள் புத்தகப் பகுதியில் இருந்த குட்டை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எழுந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

7

பெயர் சேர்க்கும் படிவத்தைப் பீட்டர் அனுப்பியிருந்தான். ‘குழந்தையின் பெயர்’ என்று இருந்த கட்டத்தை என்ன எழுதியும் நிரப்பலாம். வேறு பெயர் வைத்துக்கொள்ளும் எண்ணமும் ஒரு நாள் வந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

“உன் இஷ்டம்” என்றாள். பிறகு, “ஆனா நான் எப்படிக் கூப்புடுவேன்?” என்றாள்.

லூயி என்றே எழுதினேன்.

எல்லாம் முடிய ஒன்பது மாதம் ஆனது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது. செலின் அதை நின்றபடியே மூன்று தடவை வாசித்துவிட்டு அழுதாள். எனக்கு இரண்டு வயது குறைந்துவிட்டது. பென்ரோஸில் இன்னும் இரண்டு வருஷம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும் என்று கிளாரா கணக்குப் போட்டுச் சொன்னாள். கூடத்துப் படத்தை அவள்தான் கழற்றித் துடைத்து, பின்பக்கத்தில் பெரியப்பா என்று தமிழில் எழுதி மறுபடி மாட்டினாள். ‘ரி’க்குப் பக்கத்தில் ‘ய’வுக்கு மேல் ஒரு புள்ளி அதிகம். நான் திருத்தவில்லை.

செய்தியைச் சொல்ல அம்மாவைக் கூப்பிட்டேன். சந்தோஷப்பட்டாள். பிறகு, “அடுத்த வாரம் அவனுக்கு நாள் வருது. ஒரு பூசை வைக்கணும்” என்றாள்.

“வருஷா வருஷம் வைப்பியா?”

“வைப்பேன். பேர் சொல்லமாட்டேன். ‘ஓர் ஆன்மாவுக்காக’ன்னு எழுதிக் குடுப்பேன். உன் பேரைச் செத்தவங்க லிஸ்டுல எப்படி எழுதச் சொல்றது? இந்தத் தடவை எழுதட்டுமா?”

எழுதச் சொன்னேன்.

காரைக்காலில் காலை ஐந்தரை மணிப் பூசை. இங்கே மதியம் ஒரு மணி. கோயிலில் இப்போது யூடியூபில் நேரலை போடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்கு வெளியே காரில் உட்கார்ந்து, போனை ஸ்டியரிங் மேல் சாய்த்துவைத்தேன். இருபது பேர்கூட இல்லை. அம்மா முதல் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளைச் சாமியார் வாசித்தார். யாரோ ஒருவருக்கு உடல்நலம் வேண்டி, யாரோ ஒருவருடைய தேர்வுக்காக. பிறகு, “சார்ல், மார்த்தம்மாள் தம்பதியின் மகன் லூயியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்றார்.

என் பெயரை, என் அப்பா அம்மா பெயரோடு, இறந்தவர்களில் சேர்த்து வாசித்தார்கள். சபையோடு சேர்ந்து நானும் பதில் சொன்னேன். என் குரல் எனக்கே எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது.

பூசை முடிந்து அம்மா வீட்டுக்கு வரும்வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

“சத்தமா வாசிச்சாங்கடா. கேட்டியா?”

“கேட்டேன்மா.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

“உனக்கு ஒண்ணு சொல்லவா? நீ சின்னப் பிள்ளையா இருக்குறப்ப, அடுப்படியில தனியா இருந்தா சில நேரம் அவன் நெனப்பு வந்துரும். என்னை அறியாம ‘லூயி’ன்னு வாய்விட்டுக் கூப்பிட்டுருவேன். நீ எங்க வெளையாடிக்கிட்டு இருந்தாலும் ஓடியாந்து, என்னம்மான்னு நிப்ப. உன்னைக் கூப்பிடலன்னு எப்படிச் சொல்றது? குடிக்கத் தண்ணி கொண்டாடான்னு சொல்லிருவேன்.”

எனக்கு நினைவிருக்கிறது. பகலில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் தண்ணீர்தான் கேட்பாள். அம்மாவுக்குத் தாகம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு, பானையிலிருந்து செம்பு நிறைய மொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோவேன்.

ஒரு தடவைகூட அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. வாங்கி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, செம்பு காலியாகும்வரை குடிப்பாள்.